மேசைக்கு அந்தப் பக்கம்: ஐம்பது வயதுக்குப் பிறகு ஹார்ட்வெயார் கடையைக் கையிலெடுக்கும் பெண்களுக்கு

கடைக்குள் வருபவர் முதலில் விலை கேட்கமாட்டார். "முதலாளி இல்லையா அக்கா?" என்றுதான் கேட்பார். சிங்களத்தில் என்றால் "முதலாளி நெத்த?" கல்லாவில் நீங்கள் இருப்பது அவருக்குத் தெரிகிறது. யாரோ வரும்வரை காவலுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். "நான்தான் முதலாளி, என்ன அளவு வேணும்?" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். "மம தமா முதலாளி, மொன சைஸ் எக்கத?" முதல் பாதியோடு நிறுத்தினால் "ஐயாவுக்கு என்ன நடந்தது, மகன் எங்கே" என்று பேச்சு வீட்டுப் பக்கம் போகும். அளவைக் கேட்டுவிட்டால் சாமானுக்குத் திரும்பும்.

கணவர் தவறியோ படுக்கையிலோ, பிள்ளைகள் வெளிநாட்டில், கடை கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ. இருபது வருடம் கல்லாவில் இருந்து காசு எண்ணியிருப்பீர்கள்; ஆனால் ஒரு லொறிக் கம்பிகூட உங்கள் பெயரில் வாங்கியிருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதியது இது. கடையின் பிடி மூன்று இடத்தில் இருக்கிறது: கொள்முதல் விலை யாருக்குத் தெரியும், செக்கில் யாருடைய கையெழுத்து, ஸ்டோர்ஸ் சாவி யாரிடம். இந்த மூன்றும் உங்கள் கைக்கு வரும்வரை, கடையில் யார் என்ன மரியாதை கொடுத்தாலும் நடத்துவது வேறு யாரோதான்.

முதல் இரண்டு கிழமை

கடை கணவரின் தனிப் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், வங்கிக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கில் காசு எடுக்க முடியாது. அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பின்திகதிச் செக்குகளும் திரும்பும். ஆகவே யார் யாருக்குச் செக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று செக் புத்தக அடிக்கட்டைகளைப் பார்த்து ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு சப்ளையருக்கும் நீங்களே ஃபோன் பண்ணுங்கள். செக் திரும்பிய பிறகு அவர் உங்களைக் கூப்பிடுவதற்கும், அதற்கு முதல் நீங்கள் அவரைக் கூப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம். கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டையில் கடன் ஓடுவதே பேச்சில்தான். வியாபாரப் பெயர்ப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கொழும்பு நகருக்குள் என்றால் கொழும்பு அல்லது திம்பிரிகஸ்யாய. அந்தப் பதிவைக் காட்டித்தான் வங்கியில் புதுக் கணக்கு திறக்கலாம். மாநகர சபையின் வருடாந்த உரிமத்தையும் இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கத்தையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்டோக் எண்ணுவது. ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது, குடும்பத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எண்ணுங்கள். சீமெந்தில் தொடங்க வேண்டாம். சின்னதாய், விலை கூடியதாய், சட்டைப் பைக்குள் போகக்கூடியதாய் உள்ளவற்றை முதலில் எண்ண வேண்டும்: செப்பு வயர், பிரேக்கர்கள், பித்தளைத் தண்ணீர்க் குழாய்கள், டிரில் பிட்கள், வெட்டும் தட்டுகள். குறைவது அங்கேதான். எண்ணிய பிறகு ஸ்டோர்ஸ் பூட்டை மாற்றுங்கள். யாரையும் சந்தேகித்துச் செய்கிற மாதிரி காட்ட வேண்டாம். "பழைய பூட்டு, சாவி எத்தனை இருக்கு என்றே தெரியாது" என்றால் போதும். அதுவும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

விலையைத் தெரிந்துகொள்வது

நீண்ட நாள் கணக்கப்பிள்ளையிடம் "இது என்ன விலைக்கு வாங்கினது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் நீங்கள் அவர் கைக்குள் போய்விடுவீர்கள். கடைசி மூன்று மாதச் சப்ளையர் பில்களை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு கொப்பியில் சாமான், அளவு, சப்ளையர், வாங்கிய விலை, திகதி என்று நீங்களே எழுதுங்கள். முன்னூறு வரி எழுதும்போதே பாதி கடை மனதில் ஏறிவிடும்.

விலை ஒட்டும்போது வாங்கிய விலையை ரகசிய எழுத்தில் குறிப்பது பழைய கடைப் பழக்கம். ஒன்றோடொன்று குழம்பாத பத்து எழுத்து எடுங்கள். உதாரணமாக க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ. அவற்றை 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்தைப் பூச்சியமாகவும் வைத்தால், 485 ரூபாவுக்கு வாங்கிய சாமானில் "தரப" என்று எழுதலாம். இதே வரிசையை வைக்காதீர்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்த வரிசை ஒன்று போடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் நின்று பேரம் பேசும்போது கொப்பியைப் புரட்டாமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லலாம். திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வையில்தான் விலை உங்களிடம் இல்லை என்பது வெளியே தெரிகிறது.

பேரம் என்றால் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். 400 ரூபாவுக்கு வாங்கி 500க்கு விற்கிறீர்கள். இலாபம் 100. "அம்மா, பத்து வீதம் குறைங்கோ" என்கிறார். பத்து வீதம்தானே என்று 50 ரூபாவைக் குறைத்தால் உங்கள் இலாபத்தில் பாதி போய்விட்டது. வயதான அம்மா மனம் இளகுவா என்று தெரிந்து கேட்கிறார்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால் அளவோடு கட்டுங்கள்: "பத்து எடுத்தால் 480, ஒன்று என்றால் 500."

பழைய சோனகத் தெருவில் வாங்குவது

கம்பி, பைப், பூட்டு, ஆணி, கருவி எல்லாவற்றுக்கும் பழைய சோனகத் தெருவும் அதை ஒட்டிய குவாரி வீதியும்தான் மொத்தச் சந்தை. திங்கள் முதல் வியாழன் வரை காலை பத்து மணியளவில் போங்கள். வெள்ளி பகல் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும்; ஞாயிறும் போயா தினமும் வீண் அலைச்சல்.

"இது என்ன விலை?" என்று தொடங்கினால் வீட்டுக்கு வாங்க வந்தவர் என்று சில்லறை விலை சொல்வார்கள். எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். "நாநா, முக்கால் இஞ்சு எல்போ இருநூறு, அரை இஞ்சு டீ நூறு, காசுக்கு என்ன, முப்பது நாளுக்கு என்ன?" இந்த ஒரு கேள்வியில் நீங்கள் கடைக்காரர் என்பதும், காசு விலையும் கடன் விலையும் வேறு என்பது உங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்கு விளங்கிவிடும். ஒரே பட்டியலை மூன்று கடையில் கேளுங்கள். "வற் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க மறக்காதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் என்ற பெறுமதி சேர் வரி 18 வீதம். சேர்க்காமல் 1000 என்று சொன்னது பில்லில் 1180 ஆகும். நீங்கள் வற் பதிவு செய்யாதவர் என்றால் அந்த 180 உங்களுக்குத் திரும்பி வராது.

சோனகர் கடைகளில் பெரியவரை "ஹாஜியார்" என்றும் மற்றவர்களை "நாநா" என்றும் கூப்பிடுவது வழக்கம். அவர்கள் உங்களை "அக்கா" என்றால் நல்லது, தொழிலோடு அந்த முறை ஒத்துப்போகும். "அம்மா" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, விலையைப் பற்றிக் கூட வந்த பையனிடம் பேசினால் அதை அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். பையனை லொறியடிக்கு அனுப்பிவிடுங்கள். பேச வேறு ஆள் இல்லாதபோது உங்களிடம்தான் பேசியாக வேண்டும். ஆகவே முதல் சில தடவை தனியே போவதே நல்லது. சாமான் ஏற்ற நாட்டாமிமார் அங்கேயே கிடைப்பார்கள். கூலியை ஏற்றும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் பெண்கள் போகக்கூடிய கழிவறை அரிது. அதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகும் பெண்கள் நிறையப் பேர். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது, வெயிலில் தலைசுற்றுகிறது. கோட்டை ரயில் நிலையத்திலோ வங்கி வேலை இருக்கும் இடத்திலோ முதலில் போய்விட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிற மாதிரி பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கடையில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிவறைக் கதவு இல்லையென்றால், இந்த மாதம் முதல் செலவு அதற்கு.

சமையலறைத் தராசும் கம்பியும்

பெண்ணிடம் நிறை குறைந்த கம்பியைத் தள்ளுவது சுலபம் என்று ஒரு நினைப்பு உண்டு. அதை உடைக்க வீட்டில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும். கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.617 கிலோ, 12 என்றால் 0.888, 16 என்றால் 1.58.

லொறியில் 12 மில்லிமீற்றர் கம்பி வந்திருக்கிறது என்று வையுங்கள். இறக்கும் முன்னர் கட்டிலிருந்து ஒன்றை உருவச் சொல்லுங்கள். கட்டின் நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து அல்ல. நாடாவால் சரியாக ஒரு மீற்றர் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு வெட்டுங்கள். தராசில் வைக்கிறீர்கள். 870, 880 கிராம் என்றால் பரவாயில்லை, இறக்கலாம். 800 கிராம் என்றால் பத்து வீதம் குறைவு. பன்னிரண்டு என்ற பெயரில் வந்திருப்பது உண்மையில் 11.4 மில்லிமீற்றர் கம்பி. ஆறு மீற்றர் நீளம் ஒன்று 5.33 கிலோ இருக்க வேண்டும், அது 4.8 ஆகத்தான் இருக்கும். நிறைக்குக் காசு கொடுத்தால் உங்களுக்கு நட்டமில்லை, ஆனால் எண்ணிக்கைக்குக் கொடுத்தால் நூறு நீளத்தில் ஐம்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது. அதைவிடப் பெரியது, அந்தக் கம்பியில் யாரோ ஒருவர் வீட்டின் கொங்கிரீட் தட்டு நிற்கப்போகிறது. திருப்பி அனுப்புங்கள். டிரைவர் முகம் சுளிப்பார், சப்ளையருக்கு ஃபோன் போகும், அரை மணித்தியாலம் தெருவில் ஹோர்ன் அடிக்கும். அந்த அரை மணித்தியாலத்தைத் தாங்கினால் அடுத்த லொறி சரியாக வரும். கம்பியில் இலங்கைத் தர முத்திரையான எஸ்எல்எஸ் 375 இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முத்திரை இருந்தாலும் நிறுங்கள்.

வயரிலும் இதே சோதனை. 7/0.67 என்றால் ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர், மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். இழையை எண்ணி, தடிப்பு அளக்கும் மைக்ரோமீற்றர் கருவியால் ஒன்றை அளந்து பாருங்கள். பிளேடால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம், சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. எடுக்கவே வேண்டாம். கூரைத் தகட்டில் 0.47 மில்லிமீற்றர் என்று விற்பது 0.40 ஆக இருப்பது உண்டு. மைக்ரோமீற்றர் ஒன்றைக் கல்லா லாச்சியில் எப்போதும் வைத்திருங்கள். கண்ணாடி இல்லாமல் அதன் கோடுகள் தெரியாத வயது என்றால் டிஜிட்டல் காட்டி உள்ளதை வாங்குங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும்.

நீங்கள் விற்கப் பயன்படுத்தும் தராசுக்கும் வருடாவருடம் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். ஆணியைக் கிலோவில் விற்கும் கடையில் முதலில் பார்க்கப்படுவது அதுதான்.

சீமெந்து இறங்கினால் பலகைமேல் வையுங்கள், தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்கக்கூடாது. முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். மூன்று மாதம் கிடந்த சீமெந்து ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். கொழும்பு ஈரப்பதத்தில் அதற்கு முன்னரே ஓரங்கள் கட்டிபட்டுவிடும். 50 கிலோ மூட்டையை நீங்கள் தூக்கவே கூடாது. யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிகிறது, முதுகெலும்பு ஒருமுறை நசுங்கினால் கடை மாதக்கணக்கில் வேறு கைக்குப் போகும். தள்ளுவண்டி வாங்குங்கள்.

பெயர்கள்

சோதித்துப் பார்ப்பார்கள். பிளம்பர் ஒருவர் வந்து "முக்கால் வால்வ் சொக்கட் இரண்டு, ஃபோசெட் சொக்கட் ஒன்று" என்பார், கடைப் பையனைப் பார்த்து. வால்வ் சொக்கட் என்றால் மரை வெளியே, ஃபோசெட் சொக்கட் என்றால் மரை உள்ளே. பில்லில் மில்லிமீற்றரில் இருக்கும், வாயில் அங்குலத்தில் வரும்: அரை அங்குலம் 20, முக்கால் 25, ஒன்று 32, ஒன்றேகால் 40, ஒன்றரை 50, இரண்டு 63, மூன்று 90, நான்கு 110. விட்டம் ஒன்றாக இருந்தாலும் அழுத்தத் தண்ணீர் பைப்புக்கும் கழிவுப் பைப்புக்கும் சுவர்த் தடிப்பு வேறு; மலிவு என்று மெல்லியதைத் தண்ணீர் மோட்டருக்குக் கொடுத்தால் அடுத்த கிழமை வெடித்த பைப்போடு சண்டைக்கு வருவார்கள். மணல் "கியூப்" என்றால் நூறு கன அடி.

ஒரு பலகையில் ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் ஒன்றை ஆணியடித்து, கீழே இரண்டு அளவையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு முன்னால் மாட்டுங்கள். உங்களுக்கு ஞாபகமூட்டும், பெயர் தெரியாத வாடிக்கையாளர் விரலைக் காட்டுவார், பையன் பிழையானதை எடுத்தால் அங்கிருந்தே கண்டுபிடிக்கலாம். தெரியாத சாமானைக் கேட்டால் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம். "எதற்குப் பூட்டப் போறீங்கள்?" என்று கேளுங்கள். வேலையைச் சொன்னால் சாமானைக் கண்டுபிடிக்கலாம், கேட்டது பிழையென்றால் அதுவும் தெரியவரும். நல்ல மேசன் பாஸ் (கட்டட வேலை செய்பவர்) அந்தக் கேள்வியை மதிப்பார்.

பழைய ஊழியரும் புது முதலாளியும்

கணவரோடு இருபது வருடம் வேலை செய்த அண்ணன் ஒருவர் இருப்பார். நல்லவர், நேர்மையானவர், வாடிக்கையாளர் உங்களிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொல்வார். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார். இதை வாடிக்கையாளர் முன்னால் திருத்தினால் அவர் மனம் உடையும், திருத்தாமல் விட்டால் கடை அவர் கடையாகிவிடும். கடை மூடிய பிறகு தனியே சொல்லுங்கள்: "அண்ணன், சாமானைப் பற்றி நீங்க சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் தெரியும். விலையும் கடனும் மட்டும் என்னட்ட அனுப்புங்கோ. யார் கேட்டாலும் 'அக்காட்ட கேளுங்கோ' என்று சொல்லுங்கோ." அவருக்கு ஒரு இடம் கொடுத்து, உங்கள் இடத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு மாதம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். வயதில் மூத்தவரை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை சொல்லலாம். மரியாதைச் சொல்லை விட்டால்தான் அதிகாரம் வரும் என்று எண்ணிக் குரலை உயர்த்துபவர்கள் நல்ல ஆட்களை இழக்கிறார்கள்.

ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டும்: அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், உங்கள் பங்கு 12, அதோடு ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3, அதுவும் உங்கள் பங்கு. மாதம் முடிந்து அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும். கணவர் காலத்தில் கட்டாமல் விட்டிருந்தால் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள், மனக்கசப்போடு ஒருவர் வேலையை விடும் நாளில்தான் அது நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போகும்.

கம்பனி ரெப்மார் (விற்பனைப் பிரதிநிதிகள்) "சேர் எப்ப வருவார்?" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம் கொடுங்கள். விலைப் பட்டியல், கழிவு, இலவசச் சாமான், கடன் நாட்கள் நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மாதக் கடைசியில் அவர்களுக்கு விற்பனை இலக்கு நெருக்கும். 25ஆம் திகதிக்குப் பிறகுதான் கூடுதல் கழிவு கிடைக்கும். அதே நாட்களில்தான் கேட்காத சாமானை இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடர் கொடுக்காத எதற்கும் கையெழுத்துப் போடக்கூடாது என்று பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கடனும் செக்கும்

ஹார்ட்வெயார் கடைகள் விற்பனை இல்லாமல் விழுவதைவிடக் கடன் திரும்பாமல் விழுவதுதான் அதிகம். கணவர் இறந்த மாதத்தில் பழைய கடன்காரர்கள் பாதிப் பேர் வேறு தெருவால் போகத் தொடங்குவார்கள். கடன் கொப்பியை எடுத்து ஒவ்வொருவருக்கும் மீதித் தொகையை எழுதி, "சரி" என்று கையெழுத்து வாங்குங்கள். இதைத் துக்கம் விசாரிக்க வரும் நாட்களிலேயே தொடங்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. மறுத்துப் பேச அவர்களுக்கு மனம் வராத நாட்களும் அவைதான்.

புதுக் கடனுக்கு ஒரு எல்லை வையுங்கள். பாஸின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை நடக்கும் இடத்தின் முகவரி, வீட்டுக்காரரின் ஃபோன் இலக்கம். சாமான் எங்கே இறங்குகிறது என்று தெரியாத கடனைக் கேட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு டிலிவரி பில்லிலும் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு பெயரும் இருக்க வேண்டும். வெறும் கிறுக்கல் பிறகு யாருடையது என்று தெரியாது. பழைய தொகையில் பாதியாவது வராமல் புதுச் சாமான் போகக்கூடாது.

செக் கையில் வந்ததும் மேசையில் வைத்து வரிசையாகப் பாருங்கள். திகதி. பெயர், உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள அதே எழுத்துக்கள். எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றா. கையெழுத்து. வெட்டித் திருத்தியிருந்தால் வாங்க வேண்டாம், புதிது எழுதச் சொல்லுங்கள். குறுக்குக் கோடு இல்லையென்றால் நீங்களே இரண்டு கோடு போட்டுவிடுங்கள். வேறொருவர் எழுதிய செக்கை மாற்றித் தருவது புறக்கோட்டையில் சாதாரணம். திரும்பினால் எழுதியவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது, ஆகவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஃபோனில் படம் எடுத்து, டயரியில் அந்தத் திகதிப் பக்கத்தில் எழுதுங்கள். திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி ஏற்காது.

போடவேண்டிய நாளுக்கு முதல் நாள் மாலை ஃபோன் வரும். "அம்மா, இரண்டு நாள் பொறுங்கோ." ஒருமுறை பொறுக்கலாம். இரண்டாம் தடவைக்குச் செக்கை வங்கியில் போடுங்கள். ஆம்பிளைக் கடைக்காரரிடம் இவர் இரண்டு தரம் கேட்டிருக்கமாட்டார். திரும்பினால் வங்கி தரும் காரணச் சீட்டைச் செக்கோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், எறிய வேண்டாம். அதே நாளில் ஃபோன், மூன்று நாளில் மீண்டும் போடுவது, பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். அளுத்கடை நீதிமன்றத்தில் வழக்கு வரை போவது அரிது, கடிதத்திலேயே பெரும்பாலும் காசு வந்துவிடும்.

கையும் வாயும்

வயது போனால் இந்தத் தொல்லை இருக்காது என்பது உண்மையல்ல. மீதிக் காசு வாங்கும்போது விரலைத் தடவுவது, விதவை என்று தெரிந்து இரவில் வட்ஸ்அப் அனுப்புவது, ஸ்டோர்ஸ் ஒழுங்கையில் உரசிக்கொண்டு போவது எல்லாம் நடக்கும். கல்லாவில் ஒரு தட்டு வையுங்கள். காசு தட்டில் வரட்டும், தட்டில் போகட்டும். ஸ்டோர்ஸுக்கு வாடிக்கையாளரைத் தனியே கூட்டிப் போக வேண்டாம். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு வாக்கியம்: "தம்பி, கையை எடுங்கோ." திகதி, நேரம், நின்றவர்கள் யார் என்று அன்றே எழுதி வையுங்கள், மெசேஜை அழிக்க வேண்டாம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது, சொல்லால் செய்தாலும். ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 109 பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவு. கடையில் பில் போடும் இளம் பெண் பிள்ளை இருந்தால் அவளுக்காகவும் நீங்கள்தான் பேச வேண்டும், இப்போது முதலாளி நீங்கள்.

கம்பி வெட்டும் மெஷின் பக்கத்தில் துப்பட்டாவோ விட்ட தலைமயிரோ தொங்கும் முந்தானையோ வளையலோ கூடாது. சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகி ஊசி குத்துங்கள். செருப்பை விட்டு விரல் மூடிய சப்பாத்து போடுங்கள். பைப் நுனி காலில் விழுவது இந்தத் தொழிலில் அன்றாடம்.

மாலையில் காசை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வங்கி வைப்பு மெஷின் இருக்கும் இடத்தைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில், ஒரே ஆளை அனுப்பாமல் போடுங்கள். ஷட்டரை இழுக்க ஆள் வைக்கலாம். பூட்டை மாட்டித் திருகி, இழுத்துப் பார்த்து, சாவியை உங்கள் பையில் போடுவதை மட்டும் யாரிடமும் விட வேண்டாம். இரண்டாவது சாவி வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.